டாட் ஷாப், டாட் டர்பன், டாட் ஆப்ரிக்கா: எல்லாவற்றையும் வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் வீட்டிலேயே மசாலாத் தூளும் ஊறுகாயும் தயாரித்து விற்கிறோம். டாட் கோ டாட் இசட்ஏ முகவரியில் எங்களுக்கு ஓர் இணையதளம் இருக்கிறது. அதைக் கவனித்துக்கொள்ளும் தம்பி, "டாட் ஷாப், டாட் ஆன்லைன், டாட் ஆப்ரிக்கா, டாட் டர்பன் நான்கையும் வாங்கிப் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் வேறு யாராவது எடுத்துவிடுவார்கள்" என்கிறார். முதல் வருடத்துக்கு மலிவாகத்தான் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: நான்கும் வேண்டாம். ஒன்று கூடுதலாக வாங்கியே ஆகவேண்டும் என்றால், உங்கள் பெயர் டாட் காமில் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை எடுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அந்தத் தம்பி உங்களிடம் சொன்னது முதல் வருட விலை. நீங்கள் கேட்க வேண்டியது இரண்டாம் வருட விலை. டாட் ஷாப் போன்றவற்றை ஆரம்பத்தில் அடிமாட்டு விலைக்குத் தருவார்கள். புதுப்பிக்கும்போதுதான் உண்மையான விலை தெரியும், அது பல மடங்கு இருக்கும். இதற்குக் காரணம் இருக்கிறது. டாட் ஷாப்பை நடத்தும் உரிமை 2016இல் ஏலத்துக்கு வந்தபோது, ஒரு ஜப்பானிய நிறுவனம் 4 கோடியே 15 லட்சம் டாலர் கொடுத்து எடுத்தது. போட்ட பணம் வருடா வருடம் புதுப்பிப்பவர்களிடமிருந்துதான் திரும்பி வரவேண்டும்.

முகவரியின் கடைசியில் வரும் இந்தப் புதிய எக்ஸ்டென்ஷன்களின் விலைக்கு, உலக அளவில் இணைய முகவரிப் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகான் அமைப்பு உச்சவரம்பு வைக்கவில்லை. 2017இல் டாட் ஹோஸ்டிங் உட்படச் சிலவற்றின் விலையை, அவற்றை நடத்திய நிறுவனம் ஒரேயடியாகப் பல மடங்கு ஏற்றியது. புதுப்பிக்கும் விலையை ஏற்றுவதாக இருந்தால் ஆறு மாதம் முன்னதாக அறிவிக்க வேண்டும், அந்த இடைவெளியில் பழைய விலையிலேயே 10 வருடம் வரை புதுப்பித்துக்கொள்ளலாம் என்பது மட்டும்தான் நமக்குள்ள பாதுகாப்பு. அந்த அறிவிப்பும் நேராக உங்களுக்கு வராது, உங்களுக்கு டொமைனை, அதாவது இணைய முகவரிப் பெயரை, விற்கும் நிறுவனத்துக்குத்தான் போகும். இன்னொன்று, விற்கும் நிறுவனம் இவற்றில் பலவற்றை மொத்த வியாபாரத்தில் வாங்கும் விலை டாலரில். ராண்டு விழுந்தால் உங்கள் பில் ஏறும். உங்களிடம் இருக்கும் டாட் கோ டாட் இசட்ஏ ராண்டில் விலை வைத்த பெயர், வருடத்துக்கு ஏறக்குறைய 100 ராண்டில் முடிந்துவிடுகிறது.

"டாட் டர்பன் இருந்தால் கூகுளில் டர்பன்காரர்களுக்கு முன்னால் காட்டும்" என்று சொல்லியிருந்தால் அதை நம்பாதீர்கள். எக்ஸ்டென்ஷனில் உள்ள சொல்லால் தேடலில் எந்த அனுகூலமும் இல்லை, நகரப் பெயர்களையும் பொதுவான எக்ஸ்டென்ஷனாகவே நடத்துகிறோம் என்று கூகுள் 2015லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. மாறாக, டாட் கோ டாட் இசட்ஏ என்றாலே அது தென்னாப்பிரிக்கத் தளம் என்று எடுத்துக்கொள்கிறது. அந்த வேலையை உங்கள் பழைய முகவரி ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். உங்களிடம் வாடிக்கையாக வாங்கும் ஓர் ஆன்ட்டியைப் போனில் கூப்பிட்டு, கடைப் பெயரோடு "டாட் ஷாப்" என்று முகவரியைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அப்புறம் எழுதியதைத் திருப்பிப் படிக்கச் சொல்லுங்கள். கடைசியில் டாட் கோ டாட் இசட்ஏ தானாகவே ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். நம்மூர்க் கை அப்படிப் பழகியிருக்கிறது. லோட்டஸ் எஃப்எம்மில் விளம்பரம் கொடுத்தாலும் கேட்பவர்கள் அப்படித்தான் தட்டுவார்கள், உங்கள் தளத்துக்கு வந்து சேரமாட்டார்கள்.

இப்போது அந்த பயத்துக்கு வருவோம், "வேறு யாராவது எடுத்துவிடுவார்கள்." 2013இலிருந்து இதுவரை 1,200க்கும் மேற்பட்ட புதிய எக்ஸ்டென்ஷன்கள் வந்துவிட்டன. நான்கை வாங்கி மீதியை என்ன செய்வீர்கள்? அந்தப் பணத்தை வர்த்தகமுத்திரைப் பதிவில் போடுங்கள். அங்கே பொருள்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள்: மசாலாத் தூள் 30ஆம் வகுப்பு, ஊறுகாய் 29ஆம் வகுப்பு. தென்னாப்பிரிக்காவில் வர்த்தகமுத்திரைகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான சிஐபிசியில் பதிவு செய்தால் 10 வருடத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். உங்கள் பெயரைக் கெட்ட எண்ணத்தோடு யாராவது டொமைனாகப் பதிவு செய்தால், நீதிமன்றம் போகாமலே புகார் கொடுத்து மீட்க வழி இருக்கிறது, அங்கே உங்கள் கையில் இருக்கும் வலுவான ஆதாரம் அந்தப் பதிவுதான். "சீனாவில் ஒரு கம்பெனி உங்கள் பெயரைப் பதிவு செய்யக் கேட்கிறது, நீங்கள் உடனே வாங்கிவிடுங்கள்" என்று மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடுங்கள். அது பழைய ஏமாற்று வேலை.

நான் இன்னும் கவலைப்படுவது வேறொன்றுக்கு. மலிவு என்று வாங்கிய பெயரைப் பாட்டில் லேபிளில் அச்சடித்து, அதில் மின்னஞ்சலும் வைத்துக்கொண்டு, இரண்டு வருடம் கழித்து விலை கட்டுப்படியாகவில்லை என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுத்தவருக்கு உங்கள் வாடிக்கையாளர் எழுதும் கடிதம் போகும், பாஸ்வேர்டு மாற்றும் இணைப்புகளும் போகும். பயன்படுத்தாத பெயரை விட்டால் நஷ்டம் இல்லை. பயன்படுத்திய பெயரை விடவே கூடாது.

புதிய எக்ஸ்டென்ஷன்கள் யாருக்குமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெளியூர்ப் பயணிகளை நம்பி விருந்தினர் இல்லம் நடத்துபவருக்கு டாட் டர்பன் எடுப்பாக இருக்கும். லுசாகாவுக்கும் நைரோபிக்கும் சரக்கு அனுப்புபவருக்கு 2017இல் வந்த டாட் ஆப்ரிக்கா பொருந்தும். நீங்களும் நாளைக்கு அந்த அளவுக்கு வளர்ந்தால் அப்போது வாங்கிக்கொள்ளலாம்.

அதற்கு முன்னால் தம்பியிடம் ஒன்று கேளுங்கள். இப்போதிருக்கும் டாட் கோ டாட் இசட்ஏ யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது? திரையில் காட்டச் சொல்லுங்கள். அவர் பெயரில் இருந்தால் இந்த வாரமே உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள், பதிவு மின்னஞ்சலாக உங்கள் சொந்த மின்னஞ்சலைக் கொடுங்கள்.