கலைக்கான நிதியைக் காக்கக் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பேசுவது எப்படி?

கேள்வி: எங்கள் நாடகப் பயிற்சிக்கு வரும் பொது நிதியைக் குறைக்கப் போகிறார்கள். பேச மூன்று நிமிடம் கிடைக்கும். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: கோரிக்கையிலிருந்து தொடங்குங்கள். உங்கள் பெயர், வசிக்கும் தொகுதி, எந்த ஒதுக்கீடு, அதை என்ன செய்ய வேண்டும் என்பவை முதல் இரண்டு வாக்கியங்களுக்குள் வந்துவிட வேண்டும். பேசுபவர் தம் தொகுதி வாக்காளர் என்று தெரிந்தால் உறுப்பினர் கூடுதல் கவனத்துடன் கேட்பார். கலையின் பெருமையை விரித்துரைத்துவிட்டுக் கோரிக்கைக்கு வருவதற்குள் மணி அடித்துவிடும். நல்ல கலைஞர்கள் பலருக்கு இப்படி நேர்வது எனக்கு வருத்தம் தருகிறது.

கேள்வி: எழுதி வைத்ததைப் படிக்கலாமா?

பதில்: படிக்கலாம், ஆனால் முழு அறிக்கையை எழுத்தில் கொடுத்துவிட்டு, அதன் சாரத்தை நேரில் சொல்வதே என் பரிந்துரை. 1969 மே 1 அன்று, பொது ஒளிபரப்புக்கான 2 கோடி டாலர் நிதிக்காக அமெரிக்க செனட் துணைக்குழுவின் முன் வந்த குழந்தைகள் நிகழ்ச்சித் தயாரிப்பாளர் ஃபிரெட் ராஜர்ஸ், தம் எழுத்துரையைத் தலைவர் ஜான் பாஸ்டோர் படிப்பார் என நம்புவதாகக் கூறி ஒதுக்கி வைத்துவிட்டு, கோபம் வரும்போது அதை என்ன செய்வது என்று குழந்தைகளுக்காகத் தாம் எழுதிய பாடலின் வரிகளை இசையின்றி, நிதானமாகச் சொன்னார். தமக்கு மெய்சிலிர்த்ததாகச் சொன்ன பாஸ்டோர், அந்த நிதியை அவர் ஈட்டிவிட்டதாகவே அங்கேயே அறிவித்தார். எந்தப் பணிக்குப் பணம் கேட்டாரோ, அந்தப் பணியையே அவர்கள் கண்முன் வைத்ததுதான் அந்தச் சாட்சியத்தின் வலிமை.

கேள்வி: புள்ளிவிவரம் வேண்டாமா?

பதில்: ஒன்று போதும், அது உங்கள் பதிவேட்டிலிருந்து வரட்டும். அத்துடன், திக்கிப் பேசிய மாணவி மேடையில் தன் வசனத்தை முழுமையாகச் சொல்லி முடித்தது போன்ற, நீங்களே கண்ட ஒன்றைச் சொல்லுங்கள்.

கேள்வி: “மருத்துவமனைக்கே பணமில்லை, கலைக்கு எதற்கு?” என்று கேட்டால்?

பதில்: மருத்துவமனையோடு போட்டிக்கு நிற்காதீர்கள், அந்தத் தேவை நியாயமானது என்று மனமார ஒப்புக்கொள்ளுங்கள். அதன்பின், இந்த ஒதுக்கீடு குறைந்தால் எந்த வகுப்பு நிற்கும், அதில் எத்தனை பேர் வெளியேற நேரும் என்பதை மட்டும் சொல்லுங்கள். கலைகளைத் துய்க்கும் உரிமை, 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தில் 27ஆம் பிரிவாகவே இடம்பெற்றிருப்பதையும் நினைவூட்டலாம். உடனே பதில் தெரியாத கேள்வி வந்தால், எழுத்தில் அனுப்புவதாகச் சொல்லி, மறுநாளே அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: பேசும்போது குரல் நடுங்குகிறது.

பதில்: நடுங்கட்டும், அதனால் யாரும் உங்களைக் குறைவாக மதிக்கமாட்டார்கள். கடிகாரத்தை வைத்துக்கொண்டு உரக்கப் பேசிப் பழகுங்கள். கூட்டத்தில் நேரத்தைக் குறைத்துவிட்டால் எந்தப் பத்தியை விடுவது என்பதையும் முன்கூட்டியே குறித்து வையுங்கள்.