மாட்டு நடை

அன்புள்ள அண்ணா,

ஜப்பான் ஐ.நா. அமைதிகாப்பில் சேர 1992இல் சட்டம் கொண்டுவந்தபோது, எதிர்க்கட்சிக்காரர்கள் பாராளுமன்றத்தில் வாக்குப்பெட்டிக்கு அடிமேல் அடிவைத்து ‘மாட்டு நடை’ நடந்து இழுத்தடித்தார்களாம். சமாதானத்தைக்கூட எதிர்ப்பார்களா? வெறும் நாடகம்தானே?

— ஒரு மாணவன், தெஹிவளை

தம்பி,

நாடகம்தான். ஒரு வாக்கெடுப்புக்கே பத்து மணித்தியாலத்துக்கு மேல் போனது. ஜூன் 15இல் சட்டம் நிறைவேறியது; செப்டம்பரில் சுமார் 600 பேர் கொண்ட பொறியியல் படை கம்போடியாவுக்கு றோட்டுத் திருத்தப் போனது. போரைத் துறக்கும் ஜப்பானிய அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரையெல்லாம் உமது விரிவுரையாளர் சொல்லியிருப்பார், விடும்.

ஆனால் கொழும்பில் இருந்துகொண்டு ‘சமாதானத்தைக்கூட’ என்று எழுதினீரே, அதுதான் பொறுக்கவில்லை.

1987 ஜூலை 29. இந்திய அமைதிப்படையை இங்கே கொண்டுவந்த இந்திய - இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். பிரதமர் பிரேமதாசவே அந்தப் பக்கம் போகவில்லை. முதல்நாள் புறக்கோட்டையில் கலவரம், பிறகு ஊரடங்கு. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மதிலில் அப்பா நாலு பற்றரியைக் காயவைத்திருந்தார். வெயில் பட்டால் இன்னொரு செய்தி கேட்கலாம் என்பது அவருடைய விஞ்ஞானம். மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற சிங்கள அங்கிள் ‘ரட்ட இவரய்’ என்றார், நாடு முடிஞ்சுது என்று. அப்பா பேசாமல் உள்ளே வந்து அம்மாவிடம் மெல்ல, ‘யாழ்ப்பாணம் தப்பிட்டுது’ என்றார்.

ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் அதே அமைதிப்படை புலிகளோடு சண்டையில் இறங்கியது. பெரியம்மா ஒரு பையோடு எங்களிடம் வந்தா. வீட்டுத் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்திருந்தா. இரவில் நாய் குரைத்தாலும் கை அந்த முடிச்சுக்குப் போகும்.

அங்கிளுக்கு இறைமை போய்விட்டது என்ற கோபம். அப்பாவுக்கு இனி அடி விழாது என்ற ஆறுதல். இரண்டு பேரும் கொழும்பில் இருந்தார்கள். ஆமி வந்து நின்றது பெரியம்மாவின் வாசலில். அவவிடம் கொழும்பும் கேட்கவில்லை, டில்லியும் கேட்கவில்லை. எதிர்த்தவர்களும் கேட்கவில்லை, வரவேற்றவர்களும் கேட்கவில்லை.

சரி, பிறகு நாங்களும் ஐ.நா. அமைதிகாப்புக்கு ஆள் அனுப்பினோமே. 2007 நவம்பரில் நூறுக்கும் மேற்பட்ட இலங்கைச் சிப்பாய்களை ஹெய்ட்டியிலிருந்து பாலியல் குற்றச்சாட்டில் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் கப்பலோ விமானமோ ஏறமுன் இங்கே யாராவது மாட்டு நடை நடந்தார்களா? ஒரு ஆட்டு நடையாவது?

ஜப்பானைத்தான் கேட்டீர், மறந்துவிட்டேன். அந்த மாட்டு நடைக்காரர்களில் எத்தனை பேர் கம்போடியர்களைப் பற்றி வாய் திறந்தார்கள் என்று தேடிப் பாரும். கிடைத்தால் எனக்கும் எழுதும்.