கூழாங்கல் கரையும் ஐந்து மதிப்பெண்ணும்

அன்புள்ள ஐயா,

இராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோரக் கிராமம் ஒன்றில், அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூவுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். வகுப்பில் 46 பேர். மாதத் தேர்வில் ஆங்கிலத்தில் எழுதிய வங்கக் கவிஞர் தோரு தத்தின் 'அவர் கேஷுவரினா ட்ரீ' (எங்கள் சவுக்கு மரம்) கவிதையிலிருந்து ஐந்து மதிப்பெண் வினா ஒன்று கேட்டேன்: மரத்தின் முணுமுணுப்பைக் கவிஞர் எதனோடு ஒப்பிடுகிறார், ஏன்? ஒரு மாணவி கைடில் உள்ள பத்தியை ஒரு கமா பிசகாமல் எழுதியிருந்தாள். நான் கேட்டதற்கு அதில் பதில் இல்லை. விடுமுறை நாளில் அப்பாவோடு கடலுக்குப் போய்வரும் ஒரு பையன் ஒரே வாக்கியம் எழுதியிருந்தான்: 'ட்ரீ மேக் சவுண்ட் லைக் சீ பிரேக் இன் ஸ்டோன், பிகாஸ் ஷீ திங்க் ஹெர் டெட் பிரதர் சிஸ்டர்.' அவளுக்கு 4, அவனுக்கு 1 போட்டேன். போட்ட பிறகு மனசு ஒப்பவில்லை. நான் செய்தது சரியா? இன்னொன்று, 46 பேரின் நோட்டையும் வரிவரியாகத் திருத்தித் தருகிறேன். அடுத்த மாதமும் அதே பிழைகள்தான் வருகின்றன. எங்கே தவறுகிறேன்?

இப்படிக்கு,
ஒரு முதுகலை ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

இரண்டு மதிப்பெண்ணையும் மாற்றிப் போட வேண்டும் என்றே நினைக்கிறேன். அந்தப் பெண் மேல் தவறில்லை. மனப்பாடம் செய்தால் மதிப்பெண் என்று நாம் சொல்லிக்கொடுத்ததை அவள் ஒழுங்காகச் செய்திருக்கிறாள். ஆனால் நீங்கள் கேட்டது ஒரு வரியைப் பற்றி. அந்த வரியைப் படித்தவன் அந்தப் பையன்.

அவன் வாக்கியத்தை நிதானமாகப் பாருங்கள். ஓசை கடல் போன்றது என்று பிடித்திருக்கிறான். அந்த வரியில் வரும் 'ஷிங்கிள் பீச்' (கூழாங்கல் கரை) என்ற தொடரில் கல் இருப்பதையும் பிடித்திருக்கிறான். பலர் அங்கே வெறும் 'பீச்' என்று எழுதிவிட்டுப் போவார்கள். துக்கத்தோடு அதைச் சேர்த்துமிருக்கிறான். மரமே புலம்புகிறது என்பது மட்டும் விட்டுப்போயிற்று. இலக்கியம் என்று பார்த்தால் முக்கால் பங்கு வந்துவிட்டது. மொழி என்று பார்த்தால் முக்கியமாக நான்கு வகைப் பிழை: 'மேக்', 'திங்க்' இரண்டிலும் 'எஸ்' இல்லை, 'எ', 'தி' எதுவும் இல்லை, 'ஆன்' வர வேண்டிய இடத்தில் 'இன்', 'திங்க்' என்பதற்குப் பிறகு 'ஆஃப்' இல்லை. இந்த இரண்டு கணக்கையும் ஒரே எண்ணில் போட்டதுதான் உங்கள் மனசை உறுத்துகிறது. மொழிப் பிழை கண்ணில் உடனே படும். படித்த நுட்பம் தேடினால்தான் கிடைக்கும். அதனால் பிழை ஜெயித்துவிடுகிறது.

உங்கள் வகுப்புத் தேர்வுக்கு ஐந்தை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். கேட்டதற்கு நேரான பதில் 2. கவிதையிலிருந்து ஒரு சொல்லையோ தொடரையோ எடுத்துக்காட்டியிருந்தால் 1. அந்தச் சொல் ஏன் என்று காரணம் சொன்னால் 1. வாக்கியம் 1. வாக்கியத்துக்கான அந்த ஒரு மதிப்பெண்ணுக்கு அளவுகோல் எளிதாக இருக்கட்டும்: ஒருமுறை படித்ததும் பொருள் தெளிவாகிறதா, எழுவாயும் வினையும் பொருந்துகின்றனவா. இரண்டும் சரி என்றால் 1, இல்லையென்றால் 0. அரை மதிப்பெண் வேண்டாம், அது தயக்கத்தை வளர்க்கும். இதன்படி அந்தப் பையனுக்கு 4. அந்த மாணவிக்கு வாக்கியத்துக்கு 1. கைடுப் பத்தியில் கவிதையின் சொல் ஏதாவது கேள்விக்குப் பொருத்தமாக வந்திருந்தால் இன்னும் 1. இந்த மதிப்பெண் பிரிப்பைத் தேர்வுக்கு முன்பே கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடுங்கள். விதியைப் பிறகு சொன்னால் அந்தப் பெண்ணுக்கு அநியாயம்.

அரையாண்டு, திருப்புதல் தேர்வுகளில் இதைச் செய்ய வேண்டாம். அவை பொதுத்தேர்வின் ஒத்திகை. அங்கே விடைக்குறிப்பு என்ன சொல்கிறதோ அதன்படியே போடுங்கள். 90 மதிப்பெண் எழுத்துத் தேர்வில் ஒரு மதிப்பெண் வினா 20, இரண்டு மதிப்பெண்ணுக்கு 7, மூன்றுக்கு 7, ஐந்துக்கு 7. அந்தக் கடைசி ஏழில் உரைநடை, செய்யுள், துணைப்பாடம் மூன்றுக்கும் ஒவ்வொன்று போனால், மிச்சம் நான்கும் குறிப்பெடுத்தல், கடிதம், பிழை திருத்தம், முன்பின் படிக்காத பத்தி போன்றவை. கைடு கைகொடுப்பது 15 மதிப்பெண்ணுக்கு, கைகொடுக்காதது 20-க்கு. தேறுவதே பாடு என்றிருக்கும் பிள்ளைகளை முதலில் பத்தி மனப்பாடத்தில் உட்கார வைக்கும் வழக்கம் இந்தக் கணக்குக்கே எதிரானது. எல்லாக் கவிதைக்கும் பெயரை மட்டும் மாற்றிப் போடும் 'காமன் பாரகிராஃப்' இருக்கிறதே, அதை அறவே ஒழித்துவிடுங்கள். ஒரு வருடம் முழுக்க ஒரு பிள்ளை எழுதும் ஆங்கிலம் அந்த எட்டு வரி மட்டுமே என்றாகிவிடுகிறது.

இனி கற்பித்தலுக்கு வருகிறேன். நோய் அங்கேதான் தொடங்குகிறது. நாம் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிவிடுகிறோம். பிள்ளைக்குக் கதை தமிழில் நன்றாகப் புரிகிறது. பிறகு ஆங்கிலத்தில் ஒரு பத்தி தருகிறோம், அதை உருப்போடுகிறான். புரிந்தது ஒரு மொழியில், எழுதுவது வேறு மொழியில். தமிழை வகுப்பிலிருந்து துரத்துவது இதற்கு மருந்தல்ல. பதிலைத் தமிழிலேயே சொல்லட்டும், ஆனால் சொல்லும்போது விரல் ஆங்கிலச் சொல்மேல் இருக்க வேண்டும். 'மரம் அழுகிறது' என்றால் எந்தச் சொல்? 'லேமென்ட்' மேல் விரலை வைக்கிறான். சரி. 'அண்ணன், அக்கா செத்துப்போனார்கள்' என்றால் எங்கே இருக்கிறது, காட்டு. காட்ட முடியாது. இறந்தவர்களைப் பற்றிய வரி கவிதையில் உண்டு, ஆனால் அவர்கள் அண்ணன், அக்கா என்று எங்கும் இல்லை; 'ஸ்வீட் கம்பேனியன்ஸ்' (இனிய தோழர்கள்) என்றுதான் இருக்கிறது. இணைபிரியாமல் இருந்த அந்தச் சகோதரிகளின் கதையும், 1865-ல் அண்ணன் அப்ஜுவும் 1874-ல் அக்கா ஆருவும் இறந்ததும், 1877-ல் 21 வயதில் தோரு தத்தே இறந்ததும், 1882-ல்தான் இக்கவிதை நூலில் வந்ததும் நீங்கள் சொன்ன செய்திகள். உங்கள் மாணவன் உங்களைக் கவனித்துக் கேட்டிருக்கிறான், அதற்காக மதிப்பெண் குறைக்க வேண்டாம். ஆனால் பாட்டில் உள்ளது எது, ஆசிரியர் சொன்னது எது என்று பிரித்துப் பார்க்க அவன் பழக வேண்டும். அதனால் வாழ்க்கை வரலாற்றை முதல் நாளே சொல்லாதீர்கள். ஐந்து ஸ்டான்சாவும் முடிந்த பிறகு சொல்லுங்கள்.

மொத்தம் 55 வரி, ஸ்டான்சாவுக்கு 11. முதல் பீரியடில் விளக்கமே இல்லாமல் இரண்டு முறை உரக்கப் படியுங்கள். இரண்டாம் முறை படிக்கும்போது, காதில் விழுந்த ஓசைகளை மட்டும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்து முதல் ஸ்டான்சாவுக்குப் படம் போடட்டும்: மலைப்பாம்பாய்ச் சுற்றிய கொடி, தழும்பேறிய அடிமரம், நட்சத்திரத்தைத் தொடும் உச்சி. கொடியை மரத்தின் பக்கத்தில் தனியாகப் போட்டவனுக்கு அந்த வரி புரியவில்லை என்று பார்த்த உடனே தெரிந்துவிடும். எழுத்துத் தேர்வு வைத்தாலும் இவ்வளவு சீக்கிரம் தெரியாது. இரண்டாம் ஸ்டான்சாவில் உச்சியில் சிலைபோல் உட்கார்ந்திருக்கும் 'பபூன்' இந்தியாவில் காட்டு விலங்காக இல்லாதது. சாம்பல் நிற மந்தியைத்தான் தோரு தத் அப்படிக் குறித்திருக்க வேண்டும். பிள்ளைகள் இதை விரும்பிப் பேசுவார்கள், ஐந்து நிமிடம் விடுங்கள்.

மூன்றாம் ஸ்டான்சாவில் உங்கள் ஊர் பெரிய வசதி. சவுக்கு என்றால் என்ன என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரியமான் பக்கம் சவுக்குத் தோப்பில் காற்று வீசும்போது நின்றவர்களுக்கு அந்த இரைச்சல் தெரியும். இலை போலத் தெரிவது உண்மையில் மெல்லிய கிளைக்குச்சிகள். அவற்றின் ஊடே காற்று புகுந்து வரும்போது ஓசை விட்டுவிட்டு வராமல் இழுத்துக்கொண்டே வரும். இப்போது கேளுங்கள்: வடகடலில் (பாக் விரிகுடாவில்) அலை மணலில் மடிகிற ஓசையா, கல் கிடக்கும் கரையில் அலை உடைந்து திரும்பும்போது கற்களை உருட்டிக்கொண்டு போகிற ஓசையா, எது சவுக்கு இரைச்சலுக்குப் பக்கம்? தோரு தத் வெறும் 'பீச்' என்று ஏன் விடவில்லை? தீவுகளின் ஓரம் பவளக்கல் துண்டுகள் குவிந்து கிடப்பதைப் பார்த்த பிள்ளை ஒன்றாவது இருக்கும். அது சொல்லட்டும். இந்தக் கேள்விக்கு எந்தக் கைடிலும் பதில் இல்லை.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. உள்ளூர்க் கேள்வி கேட்டால் பிள்ளைகள் தங்கள் கடலைப் பற்றியே ஒரு பக்கம் எழுதிவிட்டுக் கவிதையை மறந்துவிடுவார்கள். வினாவிலேயே ஒரு நிபந்தனை வையுங்கள்: கவிதையிலிருந்து குறைந்தது இரண்டு சொற்கள் பதிலில் வர வேண்டும்.

எழுத வைக்கும்போது மூன்று வாக்கியச் சட்டம் கொடுங்கள். முதல் வாக்கியம், என்ன சொல்கிறார். இரண்டாவது, எந்தச் சொல்லால் சொல்கிறார். மூன்றாவது 'பிகாஸ்' என்று தொடங்கும் காரணம், ஏற்கனவே எழுதிய வாக்கியத்தோடு ஒட்டி வந்தாலும் சரி. 45 முதல் 60 சொல் போதும், மூன்று மதிப்பெண் விடை அதுவே. இரண்டு மாதம் கழித்து இந்த மூன்றை இரண்டு தடவை அடுக்கி, முன்னால் ஒரு வாக்கியமும் பின்னால் ஒரு வாக்கியமும் சேர்த்தால் ஐந்து மதிப்பெண் பத்தி வந்துவிடும். சட்டத்தை ஆண்டு முழுக்க வைத்திருக்காதீர்கள். நன்றாக எழுதுகிறவர்களுக்கு அது விலங்காகிவிடும்.

திருத்துவது பற்றிய கேள்விக்கு வருகிறேன். ஒரு நோட்டுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் 46 நோட்டுக்கு 230 நிமிடம், கிட்டத்தட்ட நான்கு மணி நேரம். அவ்வளவு சிவப்பு மையும் வீண். பிள்ளை பார்ப்பது கீழே உள்ள எண்ணை மட்டும்தான். நீங்களே சரியானதை எழுதிவிட்டதால் அவனுக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. வாரத்துக்கு 12 நோட்டு மட்டும் முழுதாகப் பாருங்கள், நான்கு வாரத்தில் ஒரு சுற்று முடியும். மற்றவற்றில் உள்ளடக்கத்துக்கு மட்டும் ஒரு குறி. முழுதாகப் பார்க்கிறதிலும் மாதத்துக்கு இரண்டே வகைப் பிழை. ஓரத்தில் ஒரு குறியீடு போடுங்கள், வினைப் பொருத்தத்துக்கு 'வி', 'எ'/'தி' விடுபட்டதற்கு 'ஆ'. பிழை எந்த வரி என்று மட்டும் தெரியட்டும், எந்தச் சொல் என்று அவன் தேடட்டும். அடுத்த பீரியடின் முதல் பத்து நிமிடம் அதற்கே. வீட்டுக்குக் கொடுத்தால் நடக்காது.

எந்த இரண்டு வகை என்று தேர்ந்தெடுக்கத் தமிழைத் தெரிந்திருப்பது உதவும். 'வந்தான்', 'வந்தாள்', 'வந்தது' என்று நம் வினையே ஆளைக் காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் ஆளுக்கேற்ப வினைச்சொல் பெரும்பாலும் மாறுவதே இல்லை, நிகழ்காலத்தில் ஒருமைப் படர்க்கைக்கு மட்டும் ஓர் 'எஸ்' ஒட்டுகிறது. அது அற்பமாகத் தோன்றுவதால் விட்டுவிடுகிறார்கள். 'எ', 'தி' போல ஒன்று நம்மிடம் இல்லவே இல்லை. 'ஒரு', 'அந்த' சில இடத்தில் பொருந்தும், எல்லா இடத்திலும் பொருந்தாது. 'நான் நேற்றுப் பார்த்த படகு' என்று நாம் பெயரெச்சத்தை முன்னால் வைக்கிறோம். ஆங்கிலத்தில் படகு முதலில் வந்து மற்றதெல்லாம் பின்னால் வரும். இந்த மூன்றாவதைக் கரும்பலகையில் தமிழ் வாக்கியத்தையும் ஆங்கில வாக்கியத்தையும் மேலும் கீழுமாக எழுதி, சொல்லுக்குச் சொல் கோடு இழுத்துக் காட்டுங்கள். கோடுகள் குறுக்கே வெட்டிக்கொள்வதைப் பார்த்ததும் புரியும். வினைப் பொருத்தத்தை முதல் மாதம் எடுங்கள், பலன் கண்ணுக்குத் தெரியும். 'எ', 'தி' ஆண்டு முழுக்க எடுக்கும். அவசரப்பட வேண்டாம்.

மதிப்பெண் போடும்போது தாள் தாளாகப் போகாமல் வினா வினாவாகப் போங்கள். 46 பேருக்கும் ஒன்றாம் வினா, பிறகு இரண்டாம் வினா. பெயர் தெரியாமல் மடித்துக்கொள்ளுங்கள். அழகான கையெழுத்து நம்மை அறியாமல் ஒரு மதிப்பெண்ணைக் கறந்துவிடும். பக்கத்துப் பள்ளி ஆசிரியர் யாராவது கிடைத்தால் ஐந்து தாளை இருவரும் தனித்தனியே திருத்திப் பாருங்கள். ஐந்துக்கு ஒன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால் உங்கள் அளவுகோலில் ஏதோ ஒரு சொல் தெளிவாக இல்லை என்று பொருள். ஆள் கிடைக்காவிட்டால் ஒரு வாரம் கழித்து அதே ஐந்தை நீங்களே மறுபடி திருத்துங்கள், முதலில் போட்டதைப் பார்க்காமல்.

பேச்சுக்கு நம் மாநிலப் பாடத்திட்டத்தின் எழுத்துத் தேர்வில் இடமில்லை. மத்திய வாரியத்தில் (சி.பி.எஸ்.இ.) 20 மதிப்பெண் அக மதிப்பீட்டுக்குள் கேட்டலும் பேசுதலும் வருகின்றன. இல்லை என்பதற்காக நீங்கள் விட வேண்டாம், பீரியடுக்கு நான்கு பேர், ஆளுக்கு ஒரு நிமிடம் போதும்.

அடுத்த மாதத் தேர்வுக்கு நான்காம் ஸ்டான்சாவை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சோ இத்தாலியோ, தூரதேசக் கரையில் நிலவொளியில் அலை மெல்லத் தொடுகிறபோதும் அவருக்கு அதே புலம்பல் கேட்கிறது. மூன்றாம் ஸ்டான்சாவில் கடல் உடைகிறது, இங்கே கடல் முத்தமிடுகிறது; ஓசை மட்டும் மாறவில்லை, ஏன்? இதை ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேளுங்கள். அந்தப் பெண்ணிடம் தேர்வுக்கு முந்தின நாளே, இதற்கு மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை, இரண்டு ஸ்டான்சாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு வா என்று சொல்லிவிடுங்கள்.

அன்புடன்.