வீட்டு விற்பனை இழுத்துக்கொண்டே போகிறதா? கேள்வி பதில்

வீட்டை விற்க முடிவெடுத்த பிறகும் காரியம் முடியாமல் தவிக்கிறவர்கள் கேட்ட சில கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: விலை பேசி முன்பணமும் வாங்கிவிட்டேன். "லோன் இந்த வாரம் வந்துவிடும்" என்றே வாங்குபவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். எவ்வளவு நாள்தான் பொறுப்பது?

பதில்: "லோன் வந்ததா?" என்று கேட்டால் "வந்துவிடும்" என்றுதான் சொல்வார். கேள்வியை மாற்றிக் கேளுங்கள். வருமான ஆவணங்களைக் கொடுத்தாகிவிட்டதா? வங்கியின் வக்கீல் பத்திரங்களைப் பார்த்துவிட்டாரா? மதிப்பீட்டாளரின் அறிக்கை போய்விட்டதா? வீட்டை மதிப்பிட இன்னும் ஆளே வரவில்லை என்றால், லோன் இந்த வாரம் வருவது கஷ்டம்.

இன்னொரு விஷயமும் உண்டு. நீங்கள் பேசிய விலையை மட்டும் வைத்து வங்கி கடன் தராது, தன் மதிப்பீட்டையும் பார்க்கும். மதிப்பீடு குறைந்தால், துண்டு விழும் பணத்தை வாங்குபவர்தான் புரட்ட வேண்டும். அதைச் சொல்லக் கூச்சப்பட்டு வங்கி மேல் பழியைப் போடுகிறவர்கள் நிறைய. "பணத்தில் ஏதாவது குறைகிறதா?" என்று நீங்களே தன்மையாகக் கேட்டுவிடுங்கள். அவகாசம் கொடுப்பதானால் புதிய கடைசித் தேதியை எழுதி, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். வாய்ப்பேச்சிலேயே நீட்டிக்கொண்டு போனால் அது சண்டையில்தான் முடியும்.

கேள்வி: பெயின்ட் அடிக்க வேண்டும், சாவியை முன்கூட்டியே கொடுங்கள் என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். சாவி கைக்கு வந்துவிட்டால் அப்புறம் அவர்களுக்கு அவசரம் இருக்காது. அளவெடுக்க வந்தால் நீங்கள் கூட இருந்து திறந்து காட்டுங்கள், போதும்.

கேள்வி: மாதக்கணக்காகியும் யாரும் விலை பேசவில்லை. நாங்கள் வாங்கிய விலைக்குக் கீழே கொடுக்க மனசும் வரவில்லை.

பதில்: மனசு வராதது இயல்புதான். பாஸ்டன் நகரில் 1990களில் விற்பனைக்கு வந்த அடுக்குமாடி வீடுகளைப் பற்றி ஜெனசோவ், மேயர் என்ற பொருளாதார அறிஞர்கள் 2001இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். நஷ்டத்தில் விற்கும் நிலையில் இருந்தவர்கள் மற்றவர்களைவிட அதிக விலை கேட்டார்கள். ஓரளவு அதிக விலை அவர்களுக்குக் கிடைக்கவும் செய்தது, ஆனால் வீடு விற்க அதிக காலம் ஆனது. ஆகவே பிடிவாதம் எப்போதுமே தப்பு என்று சொல்ல மாட்டேன். காத்திருக்கும் காலத்துக்கு வட்டி, வரி, பராமரிப்பு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். கூடுதலாகக் கிடைக்கப்போவதை அது விழுங்கிவிடும் என்றால் விலையை இறக்கிவிடுங்கள்.

அதற்கு முன், ஆட்கள் வந்து பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். வரவே இல்லை என்றால் கோளாறு பெரும்பாலும் விலையில், இல்லாவிட்டால் விளம்பரப் படங்களில். பார்த்துவிட்டுப் பேசாமல் போகிறார்கள் என்றால், சுவரில் ஓதம் மாதிரி ஏதோ ஒன்று உறுத்துகிறது. அவர்கள் என்ன சொன்னார்கள் என்று தரகரை விடாமல் கேளுங்கள்.

கேள்வி: அப்பா விட்டுப்போன வீடு. விற்க எல்லாரும் சம்மதித்தாயிற்று. ஆனால் அண்ணன் மட்டும் கையெழுத்துப் போடாமல் தேதியைத் தள்ளிக்கொண்டே போகிறார்.

பதில்: போனில் பேசாதீர்கள், நேரில் தனியாகப் போய்ப் பாருங்கள். தன் பங்கு ஒழுங்காகக் கைக்கு வருமா என்ற பயம் இருக்கலாம், வாய்விட்டுச் சொல்ல மாட்டார். வாங்குபவரே அவர் பங்கை நேராக அவர் கணக்கில் கட்டுவதாக ஒப்பந்தத்தில் எழுதலாம் என்று சொல்லிப் பாருங்கள். சிலருக்குப் பணம் ஒரு பொருட்டே இல்லை, வளர்ந்த வீட்டை விட மனசில்லாமல் இருப்பார்கள். அப்படியானால் அவரை அவசரப்படுத்தாதீர்கள். அவர் கையெழுத்து உறுதியாகும்வரை யாரிடமும் முன்பணம் வாங்க வேண்டாம்.

கேள்வி: இந்தப் பணத்தை நம்பி வேறு வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டோம். தூக்கமே இல்லை, வீட்டில் தினமும் சண்டை.

பதில்: அந்த வீட்டுக்காரரிடம் இன்றைக்கே பேசுங்கள். கெடு முடியுமுன் காரணத்தைச் சொல்லிக் கேட்டால் இறங்கி வருவார்கள். முடிந்த பிறகு கேட்டால் சந்தேகம்தான் வரும். வீட்டில் ஒருவர் மட்டும் தரகரிடமும் வக்கீலிடமும் பேசட்டும். ஆளுக்கொரு பக்கம் போன் போட்டு ஆளுக்கொரு தகவல் கொண்டுவருவதிலேயே பாதிச் சண்டை வந்துவிடுகிறது. வாரத்தில் ஒரு நாள் எல்லாரும் உட்கார்ந்து நிலவரம் கேளுங்கள், மற்ற நாட்களில் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

கேள்வி: விற்கும் வீட்டின் மேல் என் கடன் பாக்கி இருக்கிறது. அதனால் தாமதமாகுமா?

பதில்: கடைசி நேரத்தில் கேட்டால் ஆகும். இன்ன தேதியில் கடனை முடிக்க மொத்தம் எவ்வளவு என்று உங்கள் வங்கியிடம் இப்போதே எழுத்தில் வாங்குங்கள். வட்டி ஏறிக்கொண்டே இருப்பதால் தேதி தள்ளிப்போனால் தொகையும் மாறும். அசல் பத்திரங்களைத் திருப்பித்தர எத்தனை நாள் ஆகும் என்பதையும் சேர்த்துக் கேட்டு, பதிவுத் தேதியை அதற்கேற்பக் குறியுங்கள்.