'மா' என்ற சொல் பல மொழிகளில் இருக்கிறதே, எல்லாம் ஒரே மூலத்திலிருந்து வந்ததா?

கேட்டவர் காட்டியிருக்கும் சான்றுகள் இரண்டு: உலகில் பல மொழிகளில் 'மா' அம்மாவைக் குறிக்கிறது, சீனத்திலும் தமிழிலும் 'மா' என்றால் குதிரை. அப்படியானால் ஒரு மூலமொழி இருந்திருக்க வேண்டாமா என்பது கேள்வி.

வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆனால் அந்த 'வேண்டாம்' ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு காரணத்தால் வருகிறது. பல வருடங்களாக ஒரு நோட்டில், எந்த மொழியில் 'மா' என்ன பொருள் தருகிறது என்று எழுதிக்கொண்டே வருகிறேன். அதிலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில் அம்மா. பால் குடிக்கும் குழந்தைக்கு வாய் அடைபட்டிருக்கும். மூக்கு வழியாக ஒரு முனகல் மட்டும் வரும். வாயை எடுத்ததும் அந்த முனகலே 'மா' ஆகிவிடும். அப்புறம் பசித்தாலும் அதே ஒலிதான். ரோமன் யாக்கப்சன் என்ற மொழியியலாளர் சொன்ன விளக்கம் இது. குழந்தை யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. பக்கத்தில் இருக்கும் பெரியவர்கள்தான் அதற்குப் பொருள் கொடுக்கிறார்கள். அதனால் இந்தச் சொல்லை ஒரு மொழி இன்னொரு மொழியிடம் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. பொருள் கொடுப்பது பெரியவர்கள் என்பதற்கு நல்ல சாட்சி ஜார்ஜிய மொழி. அங்கே 'மாமா' என்றால் அப்பா. அம்மாவுக்கு 'தேதா'. நமக்கோ மாமா வேறு ஆள். ஜப்பானியத்தில் அம்மாவைக் குறிக்கும் 'ஹஹ' என்ற சொல், அந்த மொழியின் பழைய நிலையில் 'பப' என்று ஒலித்தது!

குதிரை விஷயம் இதைவிடச் சுவாரசியமானது. சீனத்தில் 'மா' ஒரு சொல் இல்லை, ஒரு கூட்டம். குரலை உயரத்தில் சமமாகப் பிடித்தால் அம்மா, ஏற்றினால் சணல், இறக்கி ஏற்றினால் குதிரை, சட்டென்று இறக்கினால் திட்டுதல். குரலுக்கு அழுத்தமே கொடுக்காமல் வாக்கியத்தின் கடைசியில் சேர்த்தால் அது கேள்வி ஆகிவிடும், நம் 'வந்தாயா'வில் வரும் 'ஆ' மாதிரி. சீனம் கற்பவர்களுக்கு ஒரு பயிற்சி வாக்கியம் உண்டு: 'மாம மா மா ம?' அதாவது, 'அம்மா குதிரையைத் திட்டுகிறாளா?'

அதை எழுதிப் பார்த்தால் இன்னொன்று தெரியும். அம்மா என்ற எழுத்தில் இடப்பக்கம் பெண், வலப்பக்கம் குதிரை. திட்டுதல் என்ற எழுத்தில் குதிரையின் தலைக்கு மேல் இரண்டு வாய்கள். கேள்வி எழுத்தில் குதிரைக்குப் பக்கத்தில் ஒரு வாய். அம்மாவுக்கும் குதிரைக்கும் என்ன உறவு என்று யோசிக்க வேண்டாம். 'இதை மா என்று படி' என்று சொல்லத்தான் குதிரை அங்கே நிற்கிறது. பொருளைச் சொல்வது பெண்ணும் வாயும்.

சரி, தமிழ் 'மா'வும் சீன 'மா'வும் ஒன்றா? முதல்முறை இந்தப் பொருத்தத்தைப் பார்த்தபோது எனக்கும் சிலிர்த்தது. பெரிதாக ஏதோ கையில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் இரண்டையும் அவற்றின் பழைய வடிவம் வரை துரத்திக்கொண்டு போனால் பொருத்தம் கலைந்துவிடுகிறது. சீனக் குதிரை முன்பு வெறும் 'மா'வாக இருக்கவில்லை. பழஞ்சீனத்தில் 'ம்ர' என்பதுபோல் இருந்தது என்று ஆய்வாளர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள். சீனத்தோடு உறவுள்ள பர்மிய மொழியின் எழுத்து வடிவத்தில் குதிரை 'ம்ரங்'. அங்கே அந்த ரகரம் இன்னும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. வியட்நாமியத்தில் குதிரைக்கு ஒரு 'மா' உண்டு, அது சீனத்திலிருந்து போனது.

தமிழ் மாவின் கதையே வேறு. அது முதலில் விலங்கைக் குறிக்கும் பொதுச்சொல். 'மாவும் மாக்களும் ஐயறிவினவே' என்கிறது தொல்காப்பியம். அரிமா சிங்கம், கைம்மா யானை, பரிமா குதிரை. இந்தப் பொதுச்சொல் சில இடங்களில் தனியாக நின்று குதிரையைச் சுட்டும். போர்க்களத்தில் வீரனைத் தள்ளிவிட்டு ஓடும் பழகாத குதிரையை வள்ளுவர் 'கல்லாமா' என்கிறார் (குறள் 814). ஆக, ஒன்றில் குதிரை என்ற பொருள் சுருங்கி வந்தது. மற்றொன்றில் ஒலி தேய்ந்து வந்தது. இரண்டு பேரும் எதிரெதிர்த் திசையிலிருந்து வந்து ஒரு முச்சந்தியில் சந்தித்ததை வைத்து, ஒரே வீட்டிலிருந்து கிளம்பினார்கள் என்று சொல்ல முடியாது. (இடையில் ஒன்று: மயிர் நீங்கினால் உயிர் வாழாதது என்று 969ஆம் குறள் சொல்வது 'கவரிமா'. 'கவரிமான்' இல்லை. அந்த 'மா'வின் பொருள் மறந்துபோனதால் நாமாக ஒரு 'ன்' சேர்த்து மானாக்கிவிட்டோம். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.)

உண்மையான உறவே கிடையாதா என்றால், உண்டு. 'இல்லை', 'வேண்டாம்' என்று மறுக்கும் 'மா'க்களைப் பாருங்கள். கீதையில் கண்ணன் 'மா சுசஹ' என்கிறான், 'வருந்தாதே' என்று பொருள். இந்த வடமொழி 'மா'வும் கிரேக்கத்தின் 'மே'யும், பாரசீக இலக்கிய நடையில் வினைகளுக்கு முன்னால் வந்து 'செய்யாதே' என்று தடுக்கும் 'ம'வும் உடன்பிறப்புகள். மூன்றும் ஒரே மொழிக்குடும்பம், ஒரே வேலை, ஒலிமாற்றங்களும் ஒழுங்காகப் பொருந்துகின்றன. இப்போது துருக்கியத்துக்கு வாருங்கள். 'யாப்' என்றால் செய், 'யாப்மா' என்றால் செய்யாதே. அரபியிலும் 'மா' என்றால் இல்லை. ஒலியும் ஒன்று, பொருளும் கிட்டத்தட்ட ஒன்று, ஆனால் மொழிக்குடும்பங்கள் மூன்று. அரபி மாவுக்கு 'என்ன' என்ற பொருளும் உண்டு. எபிரேயத்தில் 'என்ன' என்று கேட்கும் 'மா'தான் அதன் உறவு, வடமொழி 'மா' இல்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஹங்கேரியத்தில் 'மா' என்றால் இன்று. ஃபின்னியத்தில் நிலம். தெலுங்கில் எங்கள் (கேட்பவரைச் சேர்க்காத 'எங்கள்'). இத்தாலியத்தில் 'ஆனால்' என்ற சொல்லின் பொருள். இது லத்தீனில் 'மேலும்' என்று பொருள்படும் 'மாகிஸ்' தேய்ந்து வந்தது, பிரெஞ்சு 'மே'யும் அதே வழிதான்.

ஜப்பானிய 'ம'வை மட்டும் இப்படிக் கடந்துபோக மனம் வரவில்லை. இரண்டுக்கு இடையிலுள்ள வெளி அது. இரண்டு தூண்களுக்கு நடுவே இருக்கும் இடமும் 'ம'தான், பேச்சில் விடும் மௌனமும் 'ம'தான். அதை எழுதச் சீனத்திலிருந்து எடுத்துக்கொண்ட எழுத்தில், கதவுக்கு நடுவே சூரியன் இருக்கும். அதன் பழைய வடிவில் சூரியனுக்குப் பதில் நிலா. சாத்திய கதவின் இடுக்கு வழியே உள்ளே விழும் வெளிச்சம். முட்டாளை ஜப்பானியத்தில் 'மநுகே' என்பார்கள், 'ம' விட்டுப்போனவன் என்று அர்த்தம். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாதவன்.

தமிழுக்குள்ளேயே மா ஒன்று இல்லை. ஓரெழுத்து ஒருமொழிகள் 42 என்று கணக்குச் சொல்லும் நன்னூல், மகர வரிசைக்கு ஆறு கொடுக்கிறது. அந்த ஆறில் ஒன்றான மாவுக்கு விலங்கு, மரம், பெருமை, கருமை, அரைத்த பொடி என்று பல பொருள். கணக்கில் மா என்றால் 1/20, அரைமா 1/40. நிலத்தில் ஒரு வேலிக்கு 20 மா. இவற்றையெல்லாம் ஒரே வேரில் கொண்டுபோய் முடிச்சுப்போட வேண்டியதில்லை. சொல் சிறிதாக இருந்தால் இப்படித்தான், பல சொற்கள் ஒரே வடிவத்தில் வந்து நிற்கும்.

தமிழ் மாவுக்கு வெளிநாட்டில் உறவே இல்லையா என்று கேட்டால், மறுக்க முடியாத ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் 'மேங்கோ', போர்த்துகீசியத்தில் 'மங்கா'. இரண்டும் மாங்காய்தான், தமிழ் மலையாளக் கரையிலிருந்து கப்பலேறிப் போனது. இங்கே ஒலி ஒத்துப்போவது மட்டும் சாட்சி இல்லை. சில மரப்பெயர்களுக்குப் பின்னால் காய் என்று வந்தால் நடுவில் இனமான மெல்லெழுத்து தோன்றும் என்பது நம் இலக்கணத்தின் புணர்ச்சி விதி. மா, காய், இரண்டும் சேரும்போது முளைக்கிற அந்த 'ங்' வேறு எங்கும் பிறக்க வழியில்லை. மேங்கோவுக்குள் அது இன்றும் ஒலிக்கிறது.