கொடைக்கானலில் மேயும் குதிரைகளைப் பார்த்துவர பயிற்சி தேவையா?

ஓய்வு பெற்று கொடைக்கானலில் குடியேறியிருக்கிறீர்கள். காட்டோரப் புல்வெளியில் மேயும் மட்டக்குதிரைகளைத் தினமும் போய்ப் பார்த்துவர ஆசை. இங்கிலாந்தில் தன்னார்வலர்கள் இதைச் செய்கிறார்களே, இங்கே செய்யப் பயிற்சி வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டும். ஆனால் அது வகுப்பில் கிடைக்காது. எனக்கு எப்படிக் கிடைத்தது என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு வித்தியாசம். இங்கிலாந்தில் விக்கன் ஃபென் போன்ற சதுப்பு நிலங்களில் கோனிக் என்ற போலந்து இனக் குதிரைகளை விட்டிருப்பதே ஒரு வேலைக்காக. புதர் மண்டாமல் அவை மேய்ந்து கொடுக்கும். நம் குதிரைகள் ஏரியைச் சுற்றிச் சவாரி போகிறவை. சீசன் முடிந்து மழை பிடித்தால் வருமானம் நின்றுவிடும். கொள்ளுக்குக் காசில்லாத சிலர் அவிழ்த்து விட்டுவிடுவார்கள். அது தவறுதான், நான் நியாயப்படுத்தவில்லை. குதிரையால் புல்வெளி அழிகிறது என்று இங்கே யாராவது சண்டைக்கு வரலாம். பழனி மலையில் புல்வெளியை விழுங்கியது வாட்டில் மரமும் பைனும் தைல மரமும். அவற்றை நட்டவர்கள் மனிதர்கள். அதற்காகக் குதிரையைக் காட்டுக்குள் விடச் சொல்லவில்லை. நீங்களும் வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் கால் வைக்காதீர்கள். ஓரத்தில் நின்று பார்த்தாலே போதும், காட்டுமாடு வேறு எப்போது எதிரே வரும் என்று தெரியாது.

2019 நவம்பர். நாங்கள் நான்கைந்து பேர் முறை வைத்துப் போய்க்கொண்டிருந்தோம். அன்று என் முறை. பதினோரு குதிரைகள் இருக்க வேண்டும், பதினொன்றும் இருந்தன. செம்பழுப்பு நிறத்தில் ஒரு பெட்டைக்குதிரை மட்டும் தள்ளிப் படுத்திருந்தது. மழைக்குப் பிறகு வெயில் அடித்த நாள், சுகமாகக் காய்கிறது என்று நினைத்தேன். எழுந்தது, தலையைத் திருப்பித் தன் விலாவைப் பார்த்தது, முன்னங்காலால் மண்ணைப் பறித்தது, மறுபடி படுத்தது. அதைப் போட்டோ எடுத்து, 'எல்லாம் நலம்' என்று குழுவில் போட்டேன். அந்த இரண்டு வார்த்தை இன்றைக்கும் எனக்கு உறுத்தல்.

கீழே பாதையில் வந்த பெரியவர் ஒருவர், நாற்பது வருடமாகக் குதிரை வைத்திருப்பவர், அங்கே நின்றபடியே கத்தினார்: "தம்பி, அதுக்கு வயிறு புடிச்சிருக்கு, படுக்க விடாதீங்க!"

மேலே ஏறி வந்து அதன் வயிற்றில் காதை வைத்தார். என்னையும் வைக்கச் சொன்னார். நல்ல குதிரை வயிற்றில் சாக்கடை ஓடுகிற மாதிரி கடகடவென்று சத்தம் கேட்க வேண்டுமாம். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. ஈரமான ரோமமும் சூடும்தான் காதில் பட்டன. உதட்டைத் தூக்கி ஈறைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். அழுத்திய இடம் வெளுத்து, இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். அது மெதுவாகத்தான் திரும்பியது.

மாட்டைப் போல அசைபோடுகிற பிராணி இல்லை குதிரை. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்துத் தசை மிக இறுக்கமானது, அதனால் வாந்தியும் எடுக்க முடியாது. உள்ளே போனது பின்வழியாகத்தான் வெளியே வர வேண்டும், அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. கால்நடை மருத்துவர் வந்து வலிக்கு ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் இறக்கி எண்ணெய் விட்டார். இரவெல்லாம் நானும் பெரியவரும் மாற்றி மாற்றித் தலைக்கயிற்றைப் பிடித்து மெல்ல நடத்தினோம். பனியில் விரல் மரத்துப் போனது. விடியற்காலை ஐந்து மணிக்கு லத்தி போட்டது. டார்ச் அடித்துக் குச்சியால் கிளறிப் பார்த்தோம். சிப்ஸ் பாக்கெட் கிழிசலும், ரொட்டி கட்டிக் கொடுக்கும் மெல்லிய கவரும் முறுக்கிக்கொண்டு கிடந்தன. பெரியவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அது அவருடைய குதிரைகூட இல்லை.

இதை இங்கே சொல்லியே ஆக வேண்டும். அந்த மனிதருக்கு அறுபது வயதுக்கு மேல். சவாரிக்கு வருகிற கல்லூரிப் பையன்கள் அவரை "டேய், எவ்வளவு?" என்று கேட்பதை என் காதால் கேட்டிருக்கிறேன். ஹோட்டலில் கதவு திறந்துவிடுகிறவரைக்கூட "அண்ணா" என்கிற பிள்ளைகள், குதிரைக் கயிறு பிடித்தவருக்கு ஒரு "ங்க" சேர்க்க மாட்டார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் எனக்கு ஆறவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: தினமும் அதே நேரம் போங்கள். கிட்டப் போவதற்கு முன் கால் மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். விலா ஏறி இறங்குவதை எண்ணுங்கள், ஓய்வாக இருக்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 8 முதல் 16 மூச்சு. எந்தக் காலைத் தாங்கி வைக்கிறது, லத்தி புதிதாகக் கிடக்கிறதா, பாருங்கள். பின்பக்கமாகப் போகாதீர்கள், குரல் கொடுத்துத் தோள் பக்கமாகப் போங்கள். எச்சில் வடித்துக்கொண்டு நிலை தடுமாறினால் தொடவே தொடாதீர்கள். நாய்க்கடியால் வெறிநோயாகவும் இருக்கலாம். கேரட், ரொட்டி எதுவும் கொண்டுபோக வேண்டாம். மருந்து நீங்களாகக் கொடுக்கவே கூடாது, மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

அதற்கு முன் ஒரு வாரம், காலை ஏழு மணிக்கு ஏரிக்கரைக்குப் போங்கள். சவாரிக்குக் கூட்டம் வருவதற்கு முன் குதிரைகளைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். வயதான ஒருவராகப் பார்த்து, "ஐயா, குதிரை பார்க்கக் கத்துக்கணும்" என்று கேளுங்கள்.