கேள்வி – பதில்: போர்க்களத்தில் எந்தக் கட்டடம் நிற்கலாம்?

கேள்வி: அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் ரிச்சர்ட் நொய்ட்ரா என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த கட்டடத்தை அரசே 2013-ல் இடித்துவிட்டதாக அறிந்தேன். ஐம்பது ஆண்டுகள் நின்ற கட்டடத்தை இடிக்க வேண்டிய அவசியம் என்ன? (மதுரை வாசகர்)

பதில்: அது நின்ற இடம்தான் காரணம். 1863 ஜூலை 1 முதல் 3 வரை, பென்சில்வேனியா மாநிலத்தின் கெட்டிஸ்பர்க் ஊரைச் சுற்றி, அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஒரு பகுதியாக, வடமாநிலப் படைக்கும் பிரிந்துபோன தென்மாநிலங்களின் படைக்கும் இடையே நடந்த போரில் இரு தரப்பிலும் சுமார் 51,000 பேர் மாண்டார்கள், காயமுற்றார்கள், சிறைப்பட்டார்கள் அல்லது காணாமற்போனார்கள். மூன்றாம் நாள் பிற்பகலில் தென்மாநிலப் படையினர் ஏறத்தாழ 12,500 பேர், ஒதுங்க மறைவில்லாத திறந்த வயல்வெளியில் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம் நடந்து, கல்லறை மேடு எனப்படும் நீண்ட மேட்டின்மீது அணிவகுத்து நின்ற வடமாநிலப் படையைத் தாக்க முயன்று சிதறினார்கள். தென்மாநிலத் தளபதி ஒருவரின் பெயரால் பிக்கெட்டின் பாய்ச்சல் என்று வரலாறு குறிப்பிடுவது இதைத்தான். அந்த மேட்டின் வடகோடியில், வடமாநிலப் படையின் வரிசை நின்ற சீக்லர் தோப்பில்தான் நொய்ட்ராவின் கட்டடம் எழுப்பப்பட்டது.

இப்போர்க்களத்தைப் பேணும் தேசியப் பூங்காத் துறை 1956-க்கும் 1966-க்கும் இடையே 'மிஷன் 66' என்ற பெருந்திட்டத்தின்கீழ் நாடெங்கும் பார்வையாளர் மையங்களைக் கட்டியது. நிகழ்ச்சி நடந்த இடத்திலேயே பார்வையாளரை நிறுத்தி விளக்கம் சொல்ல வேண்டும் என்பது அன்றைய எண்ணம். பிரெஞ்சு ஓவியர் பால் பிலிப்போட்டோவும் அவருடைய குழுவினரும் பிக்கெட்டின் பாய்ச்சலைச் சித்திரித்து 1884-ல் முடித்த, பார்வையாளரைச் சுற்றி வளைந்து நிற்கும் மாபெரும் வட்ட ஓவியத்தை, கான்கிரீட்டால் ஆன உருளை வடிவக் கூடத்துக்குள் வைத்து, அதை ஒட்டி நீண்ட அலுவலகப் பகுதியையும் அமைத்தார் நொய்ட்ரா. 1863-ல் அதிபர் லிங்கன் கெட்டிஸ்பர்க்கில் உரையாற்றிய அதே நவம்பர் 19-ஆம் நாளில், 1962-ல், கட்டடம் அர்ப்பணிக்கப்பட்டது. வடிவமைப்பில் அது சிறந்த படைப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், மேட்டில் நின்று பார்க்கும் ஒருவருக்கு அணிவரிசை எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதை அது மறைத்தது. அதைக் கட்டுவதற்காக, போரிட்ட படைப்பிரிவுகளின் நினைவுக் கற்களில் சில இடம் மாற்றப்பட்டன. போரை விளக்குவதற்காகக் கட்டப்பட்ட ஒன்று, போரின் முதன்மைச் சான்றான நிலத்தின்மீதே அமர்ந்துவிட்டது. போதாக்குறைக்குக் கூரையில் நீர்க் கசிவும் இருந்தது. ஓவியமும் உரிய முறையில் தொங்கவிடப்படாமல் சுருக்கம் விழுந்து நலிந்தது.

புதிய அருங்காட்சியகம் 2008-ல், பெருஞ்சண்டை நடக்காத ஒரு தாழ்ந்த நிலப்பகுதியில், அவ்வட்டாரப் பண்ணைக் களஞ்சியங்களை நினைவூட்டும் வடிவில் திறக்கப்பட்டது. ஓவியமும் பல ஆண்டுப் பழுதுபார்ப்புக்குப் பின், இழந்திருந்த வானப் பகுதி மீண்டும் சேர்க்கப்பட்டு, அங்கே இடம்பெற்றது. அதன்பின் பழைய கட்டடத்துக்கு வேலையில்லாமல் போயிற்று.

கேள்வி: போரை நினைவுகூர்ந்த விதமும் வரலாறுதானே? அந்தக் கட்டடமே ஒரு வரலாற்றுச் சின்னமாக மதிக்கப்பட்டிருக்க வேண்டாமா? (திருச்சி வாசகர்)

பதில்: மதிக்கப்பட்டது, சிக்கலே அங்குதான் தொடங்கியது. அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்வதற்குப் பொதுவாக ஒரு கட்டடத்துக்கு ஐம்பது வயதாவது ஆகியிருக்க வேண்டும். நொய்ட்ராவின் கட்டடத்துக்கு 36 வயதே ஆகியிருந்த 1998-லேயே, அது விதிவிலக்கான சிறப்புடையது, பதிவேட்டுக்குத் தகுதியானது என்று பதிவேட்டின் பொறுப்பாளர் தீர்மானித்தார். அடுத்த ஆண்டே பூங்காவின் பொது மேலாண்மைத் திட்டம் அதை அகற்றப் பரிந்துரைத்தது. ஆக, ஒரே அரசின் ஒரு கை அக்கட்டடத்தைப் போற்ற, மறு கை அதை இடிக்கத் திட்டமிட்டது.

1966-ஆம் ஆண்டின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம், இத்தகைய கட்டடங்களில் கைவைக்கும் முன் மத்திய அரசுத் துறைகள் விளைவுகளை ஆராய்ந்து பிறரைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது. இடிக்கவே கூடாது என்று தடுப்பதில்லை. வரலாற்றுப் பாதுகாப்பு ஆலோசனைக் குழு, நொய்ட்ராவின் கட்டடங்கள் வேறு இடங்களிலும் உள்ளன, கெட்டிஸ்பர்க் போர்க்களம் ஒன்றுதான் உள்ளது என்ற நிலையை எடுத்தது. எனக்கும் அதுவே சரியெனத் தோன்றுகிறது. ஒரு கலைஞரின் சிந்தனையை அவருடைய வரைபடங்களிலும் பிற கட்டடங்களிலும் ஓரளவேனும் அறியலாம். ஒரு மேட்டின் சரிவையும், அதிலிருந்து தெரியும் தொலைவையும் வேறெங்கும் போய் அறிய முடியாது.

ஆயினும் முடிவு சரியாக இருந்ததனாலேயே வழிமுறையும் சரியாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. நவீனக் கட்டடங்களின் பாதுகாப்புக்காகப் பாடுபடும் ஓர் அமைப்பும், நொய்ட்ராவின் மகன் டியோன் நொய்ட்ராவும் 2006-ல் வழக்குத் தொடுத்தார்கள். சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் கோரும்படி, இடிப்பின் விளைவுகளையும் மாற்று வழிகளையும் பூங்காத் துறை முறையாக ஆராயவில்லை என்று 2010-ல் நீதிமன்றம் கூறியது. அதன் பிறகே, 2012-ல் ஆய்வறிக்கை வெளியாயிற்று. 2013 தொடக்கத்தில் முடிவு அறிவிக்கப்பட்டு, மார்ச்சில் கட்டடம் இடிக்கப்பட்டது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துவிட்ட முடிவுக்குக் காரணங்களைப் பின்னால் தேடித் தொகுப்பது, மாற்று வழிகளைத் திறந்த மனத்துடன் எடைபோடுவதற்கு ஈடாகாது. கட்டடத்தைக் காக்கப் போராடியவர்கள் அந்தக் கட்டடத்துக்காக மட்டும் நிற்கவில்லை. பொதுச்சொத்தில் முடிவுகள் எப்படி எடுக்கப்பட வேண்டும் என்பதற்காகவும் நின்றார்கள். அந்த வகையில் அவர்களுக்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

கேள்வி: அதே ஊரில் ஓர் இரும்புக் கோபுரமும் தகர்க்கப்பட்டதாமே? (வேலூர் வாசகர்)

பதில்: ஆம். அது தனியார் கட்டியது; 90 மீட்டருக்கும் மேல் உயர்ந்து, களத்தின் எந்த மூலையில் நின்றாலும் கண்ணில் பட்டது. அதைத் தடுக்கப் பென்சில்வேனியா மாநில அரசு வழக்காடியும் 1973-ல் மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றது; 1974-ல் கோபுரம் திறக்கப்பட்டது. பின்னர் மத்திய அரசு அதைக் கையகப்படுத்தி, போரின் ஆண்டுநாளான 2000 ஜூலை 3 அன்று வெடிவைத்துத் தகர்த்தது. இதில் நொய்ட்ரா கட்டடத்தைப் போன்ற தயக்கத்துக்கு இடமே இருக்கவில்லை.

கேள்வி: ஐரோப்பாவின் வாட்டர்லூ போர்க்களத்தில் இதே பிரச்சினையை எப்படிக் கையாண்டார்கள்? (புதுச்சேரி வாசகர்)

பதில்: அங்கே நிலத்தை மாற்றும் வேலை போர் முடிந்த சில ஆண்டுகளிலேயே தொடங்கிவிட்டது. பெல்ஜியத்தில் 1815 ஜூன் 18 அன்று நடந்த, நெப்போலியன் தோற்ற அந்தப் போரில், நெதர்லாந்தின் ஆரஞ்சு இளவரசர் காயமுற்ற இடத்தைக் குறிக்க, 1820 முதல் 1826 வரை சுமார் 40 மீட்டர் உயரச் செயற்கைக் குன்று எழுப்பி, உச்சியில் சிங்கச் சிலையை நிறுத்தினார்கள். அதற்கான மண்ணை அக்கம்பக்கத்து நிலத்திலிருந்தே வெட்டி எடுத்ததால், நெப்போலியனை எதிர்த்த பிரித்தானியத் தளபதி வெலிங்டனின் படை காத்திருந்த மேட்டின் ஒரு பகுதியே உருமாறிப் போயிற்று. இன்று அந்தக் குன்றை அகற்றினாலும் பழைய மேடு திரும்பி வரப்போவதில்லை. ஆகவே அது நிற்பதே முறை. 1912-ல் அதன் அடிவாரத்தில் எழுந்த வட்ட ஓவியக் கூடமும் காக்கப்படுகிறது. களத்தைக் காக்க 1914-லேயே பெல்ஜியம் ஒரு சட்டம் இயற்றியது.

இருநூறாம் ஆண்டையொட்டி 2015-ல் திறக்கப்பட்ட புதிய அருங்காட்சியகத்தை நிலத்துக்கு அடியில் அமைத்தார்கள். பார்வையை மறைக்காமல் வசதி செய்து தருவதற்கு இதைவிடச் சிறந்த வழியை நான் கண்டதில்லை. போரில் கடுமையாகத் தாக்கப்பட்ட ஊகுமோன் பண்ணையையும் அதே ஆண்டு பழுதுபார்த்துத் திறந்தார்கள். ஆனால் போரன்று எரிந்துபோன அதன் மாளிகையை மீண்டும் கட்டவில்லை. எரியாமல் எஞ்சிய சிற்றாலயம் மட்டும் தனித்து நிற்பது, அந்த நாளின் தீயைக் காட்டப் போதுமானது.

கேள்வி: கெட்டிஸ்பர்க்கின் பழைய பண்ணை வீடுகளை 1863-ஆம் ஆண்டுத் தோற்றத்துக்கு மாற்றுகிறார்களாம். பின்னால் வாழ்ந்தவர்கள் சேர்த்த அறைகளை இடிப்பது நியாயமா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: பொது விதி ஒன்றைச் சொல்லிவிட முடியாத கேள்வி இது. 1863 மட்டுமே அளவுகோல் என்றால், முதுமையடைந்த வீரர்கள் தம் தோழர்களுக்காகப் பிற்காலத்தில் எழுப்பிய நினைவுச் சின்னங்களையும் அகற்ற வேண்டியிருக்கும். களத்தில் அத்தகைய சின்னங்களும் குறிகளும் 1,300-க்கு மேல் உள்ளன. அப்படி யாரும் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. ஒரு பிற்காலச் சேர்க்கை களத்தைப் புரிந்துகொள்ள உதவுகிறதா, தடுக்கிறதா என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்ப்பதுதான் வழி.

நொய்ட்ராவின் கட்டடம் நின்ற இடத்துக்கு மிக அருகிலேயே இருக்கும் ஆபிரகாம் பிரையனின் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிரையன் அடிமைத்தளையில் இல்லாத கறுப்பின விவசாயி. 1857-ல் அங்கே 12 ஏக்கர் வாங்கினார். பென்சில்வேனியாவுக்குள் நுழைந்த தென்மாநிலப் படை கறுப்பின மக்களைப் பிடித்துத் தெற்கே கொண்டுசென்றதால், அவர் குடும்பத்தோடு ஊரைவிட்டு ஓட நேர்ந்தது. திரும்பி வந்தபோது வீடும் வேலியும் விளைச்சலும் பாழாகிக் கிடந்தன. இழப்பீடாக 1,028 டாலர் கேட்ட அவருக்குக் கிடைத்தது 15 டாலர். பிற்காலத்தில் மாற்றி எடுத்துக் கட்டப்பட்டிருந்த அந்த வீட்டைப் பூங்காத் துறை மீண்டும் சிறு வீடாக ஆக்கியிருக்கிறது. போரின் நடுவே சிக்கிய ஒரு குடும்பத்தின் நிலை எவ்வளவு எளியது என்பதை அந்த வீட்டின் சிறிய அளவே உணர்த்துகிறது என்பதால், இம்மாற்றத்தை நான் ஏற்கிறேன். ஆனால் கழற்றப்பட்ட ஒவ்வொரு சேர்க்கையும் இடிக்கும் முன் அளந்து, படமெடுத்து, ஆவணமாக்கப்பட வேண்டும். வீட்டு வாசலில் உள்ள விளக்கப் பலகை, இச்சுவர்களில் எது பழையது, எது மீட்டமைக்கப்பட்டது என்று பார்வையாளருக்கு ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.